இஞ்சித் தேத்தண்ணி

எட்டு மணிக்கு வருவார் என்று போனில் சொன்ன டொக்டர் ஒன்பதரைக்குத்தான் வந்தார். கண்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஹட்டனுக்கு வந்துபோகிற வயிற்று ஸ்பெஷலிஸ்ட் அவர். வழியெல்லாம் மழை, பனிமூட்டம். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் விடிகாலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் அழகம்மாவுக்கு யாரையாவது குறை சொல்ல வேண்டியிருந்தது. மனத்துக்குள் டொக்டரையே நாலு வார்த்தை சொல்லிக்கொண்டாள்.

அவள் புருஷன் முத்துலிங்கத்துக்கு நம்பர் இருபத்திமூன்று. கொழும்பில் கடையொன்றில் நிற்கும் மகன் துஷாந்த் அங்கிருந்தே காசு கட்டி நம்பர் எடுத்து, சனல் பண்ணிக் கொடுத்திருந்தான். போன கிழமை கண்டிக்குக் கூட்டிப்போய் வாய்வழியாகக் கெமரா விட்டுப் படமெடுத்துக் கொண்டுவந்து விட்டதும் அவன்தான். அந்தப் படம் இருந்த பெரிய உறையை முத்துலிங்கம் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வலது காலை நீட்டி வைத்திருந்ததால் போகிற வருகிறவர்கள் எல்லாம் அதைத் தாண்டிப் போனார்கள்.

"அண்ணே, நீங்களும் கெமரா விட்டீங்களா?" என்று பக்கத்தில் இருந்த ஆள் கேட்டார். கினிகத்தேனையில் சில்லறைக் கடை வைத்திருப்பவராம். நெஞ்செரிச்சல்.

"விட்டேன் தம்பி. தொண்டையில மருந்தடிச்சு விட்டாங்க. முழிச்சிக்கிட்டேதான் இருந்தேன்."

"படத்தில என்ன தெரியுதாம்?"

"அது டொக்டர்தான் சொல்லணும்." முத்துலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "எனக்குச் சாப்பாட்டுல மருந்து வச்சிட்டாங்க. ஒருத்தர்கிட்ட போய் எடுத்தாச்சு. ஆனா வேர் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குன்னாரு. கெமராவுல அது விழாமப் போகாது."

கடைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

"அழகு, அந்தத் தேத்தண்ணிய ஊத்து புள்ள. முழங்கால் கடுக்குது."

பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"இது சும்மா தேத்தண்ணி இல்ல தம்பி. என் பொண்டாட்டி கையால போட்ட இஞ்சித் தேத்தண்ணி. ரெண்டு வருசத்துக்கு முந்தி நான் படியேற முடியாம தவழ்ந்து கெடந்த ஆளு. ஒரு மாத்திரை குடிச்சதில்ல, ஒரு ஊசி போட்டதில்ல. இதைக் குடிச்சேதான் இன்னைக்கும் கவ்வாத்து வெட்டுறேன்."

அழகம்மா தலையைக் குனிந்து பிளாஸ்கின் மூடியைத் திருகினாள். இந்தப் புகழ்ச்சியை அவர் யாரிடம் சொன்னாலும் அவளுக்கு முகம் சிவக்கும். வெட்கம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

கவ்வாத்து என்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று, இடுப்புக்கு வளர்ந்த தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சாய்க்க வேண்டும். நாளெல்லாம் அப்படியே நிற்க வேண்டும். முப்பது வருசம் அப்படி நின்றதில் முத்துலிங்கத்தின் வலது முழங்கால் தேய்ந்துபோனது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அவர் அதை அடுப்பில் போட்டார். அவருடைய அண்ணன் கைநிறைய மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்துதான் செத்தார். சீனி வியாதியால் செத்தார் என்று டொக்டர்மார் சொன்னதை இவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. மாத்திரையால்தான் என்று முடிவு கட்டிவிட்டார். அவர் ஒன்றை முடிவு கட்டினால் மலையைப் புரட்டினாலும் புரட்டலாம், அவரைப் புரட்ட முடியாது.

ஒரு நாள் சாயங்காலம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவான கக்கூசுக்குப் போனவர் படியேற முடியாமல் நாலு காலில் தவழ்ந்து வந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அழகம்மாவால் முடியவில்லை. மறுநாள் டிக்கோயா டவுனுக்குப் போய், கொழுந்துக்காரிகள் இடுப்பு வலிக்கு வாங்குகிற சிவப்பு மாத்திரை ஒரு அட்டை வாங்கி வந்தாள். டம்ளர் அடியால் ஒன்றை நசுக்கித் தூளாக்கினாள். கசப்புத் தெரியாமல் இருக்கச் சாயத்தைக் கடுமையாக வைத்து, பெரிய துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டு, சீனியை அள்ளிப் போட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் வெறும் வயிற்றில் கொடுத்தாள். பத்து மணிக்கெல்லாம் மனுஷன் மலையில் பாட்டுப் பாடிக்கொண்டு வெட்டினாராம். வந்ததும் வராததுமாக, "என்னத்தப் போட்ட புள்ள?" என்று கேட்டார். "இஞ்சி," என்றாள்.

ஒரு கிழமை மனம் உறுத்தியது. பிறகு பழகிப்போனது. உண்மையைச் சொன்னால் நிறுத்திவிடுவார், நிறுத்தினால் தவழுவார். இதில் பொய் எங்கே இருக்கிறது, பாவம் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்காததைப் பேசாமல் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் வயிற்று வலி வந்தது. சாப்பிட்டால் நெஞ்சுக்குழியில் எரிந்தது, சாப்பிடாவிட்டால் பிசைந்தது. ஆள் இளைத்தார். அழகம்மா பாவம், தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத்தான் செய்தாள். வலிக்குத்தானே மாத்திரை? ஒன்றை இரண்டாக்கினாள்.

போன தீபாவளி முடிந்த ஒரு மாதத்தில், வயிற்றில் வைத்ததை எடுக்கிற ஆளிடம் கூட்டிப்போனார்கள். அந்த ஆள் வயிற்றை அமுக்கி, குழலை வைத்து உறிஞ்சி, பட்டாணி அளவில் கறுப்பாக ஒன்றை வாழையிலையில் துப்பினார். "சொந்த மனுசங்க. பொம்பள கை. வாய்க்கு ருசியாக் குடுத்திருக்கு," என்றார். வீட்டுக்கு வருமுன்பே இரண்டு பேருக்கும் விடை கிடைத்துவிட்டது. தீபாவளிக்குக் கோழிக்கறி ஆக்கிக் கொடுத்தவள் முத்துலிங்கத்தின் தங்கை நாகலெட்சுமி. புருஷனில்லாமல் இரண்டு பெண்பிள்ளைகளோடு அதே லயத்தில் மூன்று காம்பரா தள்ளி ஒற்றை அறையில் இருக்கிறாள். அப்பன் இருந்த காம்பராவை முத்துலிங்கம் எடுத்துக்கொண்டார் என்று அவளுக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. போதாதா?

பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்தவளை லயமே கேட்க நிற்கவைத்துக் கத்தியது அழகம்மாதான். "என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் வைக்கல மதினி," என்று நாகலெட்சுமி அழுதாள். அழுதால் விட்டுவிடுவார்களா? அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. வருசம் ஒன்றாகப் போகிறது.

"இருபத்திமூணு! முத்துலிங்கம்!"

டொக்டர் வயதானவர் இல்லை. சிங்களத்தில் பேசினார், இடையிடையே தமிழில் ஒரு சொல் போட்டார். நிலக்ஷி என்ற நர்ஸ், இந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான், பக்கத்தில் நின்று அவர் சொன்னதைத் தமிழில் சொல்லிக் கொடுத்தாள்.

டொக்டர் படத்தை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். ரோஸ் நிறத்தில் ஈரமாக என்னவோ தெரிந்தது. அதில் வெள்ளை பூத்து ஓரம் சிவந்த இரண்டு இடங்களைப் பேனாவால் தொட்டார்.

"இது ரெண்டும் புண்ணாம் ஐயா," என்றாள் நிலக்ஷி. "பெரிய புண். ஒண்ணுல ரத்தம் கசிஞ்ச அடையாளம் இருக்காம். வெளிய கறுப்பாப் போச்சான்னு கேக்குறாரு."

"ரெண்டு மூணு தடவ தார் மாதிரி போச்சு மிஸ்."

"அதுதான் ரத்தமாம்."

முத்துலிங்கம் படத்தின் மேல் குனிந்தார். "வேர் எங்க மிஸ்?"

"என்ன வேர்?"

"உள்ள ஒட்டியிருக்கிறது. முடி மாதிரி, வேர் மாதிரி."

நிலக்ஷி தயங்கி, பிறகு டொக்டரிடம் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை. படத்தை மறுபடியும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அப்பிடி ஒண்டும் இல்ல," என்றார் தமிழிலேயே.

பிறகு காகிதங்களைப் புரட்டினார். நெற்றியைச் சொறிந்தார். நிலக்ஷி சொல்லிக்கொண்டே வந்தாள். "புண்ணுல துண்டெடுத்துப் பாத்திருக்காங்க. கேன்சர் இல்லையாம், பயப்பட வேணாம். புண் உண்டாக்கிற கிருமி ஒண்ணு இருக்கு, அதுவும் இல்லையாம். குடிக்கிறீங்களா?"

"விட்டுப் பத்து வருசமாச்சு."

"அப்ப வலிக்குக் குடிக்கிற மாத்திரை ஏதாவது குடிக்கிறீங்களா? முழங்காலுக்கு, இடுப்புக்கு? இந்த மாதிரிப் புண் அதாலதான் நெறையப் பேருக்கு வருதாம்."

அழகம்மா பிளாஸ்க் இருந்த பையைக் காலுக்கடியில் தள்ளினாள்.

"மாத்திரையா?" முத்துலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் மாத்திரை தொட்டதே இல்லன்னு சொல்லுங்க மிஸ். வேணுமின்னா இவளக் கேளுங்க."

டொக்டர் அழகம்மாவைப் பார்த்தார். நர்ஸும் பார்த்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? "இல்ல மிஸ்," என்றாள். "அவரு மாத்திரை குடிக்க மாட்டாரு."

சொன்னது ஒரு வகையில் உண்மைதான். அந்த உண்மைக்குள் அவள் எத்தனை நேரம் ஒளிந்திருக்க முடியும்?

டொக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. வேறு ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். புண் ஆற மாத்திரை எழுதினார். ஆறு கிழமையில் மறுபடியும் கெமரா விட வேண்டும் என்றார். கதவைத் தாண்டியதும் முத்துலிங்கம் அழகம்மாவின் கையைப் பிடித்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"பாத்தியா? அவ்வளவு படிச்ச டொக்டருக்கே காரணம் தெரியல. கிருமி இல்ல, கேன்சர் இல்ல, குடி இல்ல. அப்ப என்ன? வச்சது கரைஞ்சு புண்ணா நிக்குது. இனி விடப்போறதில்ல. வர்ற வெள்ளிக்கிழம மாரியம்மன் கோயில்ல நாகுவ நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, பிள்ளைங்க தலையில ஒரு கைய வச்சு, மத்தக் கையால அதை அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லப்போறேன். வச்சவ கை நடுங்கும்."

"பிள்ளைங்க தலையிலயா?"

"பின்ன? சத்தியம்னா சத்தியந்தான்." அவர் கக்கூஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டு நொண்டிப் போனார்.

அழகம்மா அந்த நடையில் அப்படியே நின்றாள். வலிக்குக் கொடுத்த மாத்திரை எப்படிப் புண்ணாகும்? புண்ணாக்கியது மாத்திரை என்றால் அந்த ஆள் துப்பிய கறுப்பு உருண்டை என்ன? சொந்த மனுசி, பொம்பளை கை, வாய்க்கு ருசியாகக் கொடுத்தது. ஐயோ, அப்படியென்றால் அந்த ஆள் சொன்னது சரிதானா? நாங்கள்தான் ஆளை மாற்றிப் பிடித்தோமா? ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. பிளாஸ்கில் இன்னும் பாதித் தேத்தண்ணி இருந்தது.

அடுத்த நம்பரைக் கூப்பிடக் கதவைத் திறந்த நிலக்ஷியின் கையைப் பிடித்தாள். "மிஸ், டொக்டர் ஐயாகிட்ட ஒரு நிமிசம். அவரு வர்றதுக்குள்ள."

உள்ளே உட்காரவில்லை. ரவிக்கைக்குள் வைத்திருந்த சின்னப் பையிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "இதைத்தான் தேத்தண்ணியில போட்டுக் குடுக்குறேன். அவருக்குத் தெரியாது. காலைல ரெண்டு. வெறும் வயித்துல."

டொக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு காலம் என்று கேட்டார். அவள் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை, நிதானமாகச் சொன்னார். நிலக்ஷி அதைத் தமிழில் சொன்னாள்.

"இன்னையோட நிறுத்தணுமாம் அம்மா. இன்னும் ஒண்ணு கூடக் குடுக்கக் கூடாது. அந்தப் புண் பெருசா உடைச்சுக்கிட்டா உங்க மேப்பிரிவு லயத்துல இருந்து ரோட்டுக்குக் கொண்டுவர்றதுக்குள்ள ஆள் போயிடுவாராம். எழுதின மாத்திரையைக் கட்டாயம் குடிக்கணும். அப்ப ஆறும். முழங்காலுக்கு வேற டொக்டரக் காட்டணும்."

"அவருகிட்ட சொல்லிடாதீங்க மிஸ்."

டொக்டருக்கு அது மொழிபெயர்க்காமலே விளங்கியிருக்க வேண்டும். "நான் சொல்ல மாட்டன். நீங்க சொல்ல வேணும்," என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் முத்துலிங்கம் தூங்கிவிட்டார். அழகம்மா யோசித்தாள். சொல்லாமலே நிறுத்திவிடலாம். புண் ஆற எழுதின மாத்திரையை அவர் குடிக்க மாட்டார் என்றால் அதையும் அதே இஞ்சிக்குள் போட்டுக் கொடுக்கலாம். மனுஷன் பிழைத்துவிடுவார். யாருக்கும் எதுவும் தெரியவராது. அப்படி நினைத்ததும் ஒரு நிமிசம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வரும். அந்தப் பெரிய பிள்ளை சர்மிளாவின் தலையில் கையை வைத்துக்கொண்டு நாகலெட்சுமி கற்பூரத்துக்கு முன்னால் நிற்பாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

ரோட்டில் இறங்கி லயத்துக்கு ஏறுகிற குறுக்குப் பாதையில் தூறல் விழுந்தது. இரண்டு பக்கமும் போன மாதம் வெட்டின மலை. செடியெல்லாம் குச்சியாக நின்றது. பாதி தூரத்தில் முத்துலிங்கம் ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்தார்.

"அந்தத் தேத்தண்ணி மிச்சமிருந்தாக் குடு."

அழகம்மா பிளாஸ்கைத் திறந்து பாதையோரத்தில் கவிழ்த்தாள்.

"ஏய், என்ன பண்ற?"

"நாகுவக் கோயிலுக்குக் கூப்பிட வேணாங்க. அவ எதையும் வைக்கல."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தான் வச்சேன்."

அவர் சிரித்தார். "வெளையாடாத புள்ள. கால் கொல்லுது."

"டொக்டர் சொன்னாருல்ல, வலி மாத்திரை. அதை நசுக்கித் தேத்தண்ணியில போட்டுக் குடுத்தேன். நீங்க தவழ்ந்து வந்ததப் பாக்க முடியல. கேட்டா குடிக்க மாட்டீங்க."

சிரிப்பு போனது. அவர் தேத்தண்ணி ஊறின மண்ணைப் பார்த்தார்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா. மொதல்ல ஒண்ணு. வவுறு வலிக்குதுன்னு சொன்னப்பறம் ரெண்டு."

"வவுத்து வலிக்கும் அதையா குடுத்த?"

"வலி மாத்திரைதானேன்னு நெனச்சேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு என்ன தெரியும்? சத்தியமாத் தெரியாதுங்க."

"அப்ப இஞ்சி?"

"இஞ்சியும் போட்டேன்."

முத்துலிங்கம் முகத்தைத் துடைத்தார். தூறலா வேறேதாவதா என்று தெரியவில்லை. "மலையில எத்தன பேருக்கிட்ட சொல்லியிருக்கேன். கங்காணி பொண்டாட்டி கூட ஒன்கிட்ட வந்து கேட்டுட்டுப் போயி ஆக்கிக் குடுத்துச்சு. அந்தாளுக்கு வலி போகல. எம் பொண்டாட்டி கை மாதிரி வராதுய்யான்னு சொன்னேன்."

அழகம்மா காலி பிளாஸ்கைப் பைக்குள் வைத்தாள். அடித்துவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் அடிக்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார், கால் நிற்கவில்லை. மறுபடியும் உட்கார்ந்தார்.

"நாகு வீட்டுல இருப்பாளா?"

"ஞாயித்துக்கெழம, இருப்பா. நீங்க காம்பராவுக்குப் போங்க. நான் போய்ச் சொல்றேன். கத்துனது நாந்தானே?"

"நம்புனது ரெண்டு பேருந்தான்," என்று சொல்லிவிட்டு அவர் கையை நீட்டினார். அவள் தோளைக் கொடுத்தாள். மன்னித்துவிட்டாரா, இல்லை வேறு பிடிமானம் இல்லாமல் பிடித்தாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. முழுப் பாரத்தையும் அவள் மேல் போட்டுத்தான் ஏறினார்.

நாகலெட்சுமி வாசல் இஸ்தோப்பில் சும்மா உட்கார்ந்திருந்தாள். இவர்களைக் கண்டதும் எழுந்து கதவை மறித்துக்கொண்டு நின்றாள். இன்னும் என்ன சொல்ல வந்திருக்கிறார்களோ என்ற பயம் அவள் முகத்தில் இருந்தது. பக்கத்துக் காம்பராக்களில் ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. அழகம்மா அதைப் பார்த்தாள். போன வருசம் எல்லோரும் கேட்கத்தானே கத்தினோம்? இதையும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள். மாத்திரை, தேத்தண்ணி, டொக்டர் காட்டின படம், ஒன்றையும் விடவில்லை. முத்துலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

"என்ன மன்னிச்சிரு நாகு," என்று முடித்தாள்.

நாகலெட்சுமி கோபப்படவில்லை. எதையோ கணக்குப் போடுகிறவள் போல் விழித்தாள்.

"அப்ப கோழி நல்லாத்தான் இருந்திச்சா மதினி?"

"நல்லா இருந்திச்சு நாகு. கோழியில ஒண்ணுமில்ல."

"நான் சத்தியம் பண்ணேன். ஆனா அப்பறம் எனக்கே தெரியல. கறி கெட்டுப் போயிருந்திச்சோ, சட்டியில ஏதாச்சும் விழுந்திச்சோ, என் கை ராசியோன்னு. அண்ணன் எளைக்க எளைக்கப் பயம் கூடிப்போச்சு." அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அன்னையிலேருந்து எதை ஆக்குனாலும் மொதல்ல நான் தின்னுட்டு, ஒரு மணிநேரம் ஒக்காந்து பாத்துட்டுத்தான் பிள்ளைங்களுக்குப் போடுறேன்."

உள்ளே இரண்டு தட்டில் சோறு மூடி வைத்திருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்த சர்மிளா, பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று பார்த்துவிட்டு, வாசல் பக்கம் தலையை நீட்டினாள்.

"அம்மா, நேரம் ஆச்சா? இப்ப சாப்பிடலாமா?"

நாகலெட்சுமி அழகம்மாவைப் பார்த்தாள்.

"சாப்பிடும்மா," என்றாள் அழகம்மா.